அனந்தலக்ஷ்மியின் மூன்று நாட்கள்

என் மனைவி அனந்தலக்ஷ்மி ஒரு நாவல் எழுதினாள். கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு எழுதினாள். அது அச்சிலும் வந்தது. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கெடுத்தால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். நான் ஒரு சணல் கம்பெனியில் ஸ்டெனோ. துரைமார் போனபின் மார்வாடி முதலாளி, அவர் போனபின் அவர் பிள்ளை என்று, பிறத்தியார் வாயில் வந்ததை எழுதியே காலம் தள்ளியவன். சொந்தமாக யோசித்துச் சொந்தமாக எழுதும் ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கல்யாணத்துக்கு முன்பே அவள் கதை எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, வாரப் பத்திரிகையில் வந்த அவளுடைய ஒரு பக்கக் கதையைக் கத்தரித்து வைத்திருந்ததைக் காட்டினார். பாட்டுப் பாடச் சொல்லவில்லை. நானும் அதைப் படித்துவிட்டு, 'நன்றாயிருக்கிறது' என்றேன். உண்மையில் எனக்குப் பெண்ணைத்தான் பிடித்திருந்தது.

கல்கத்தாவுக்கு வந்தபின் கதையாவது ஒன்றாவது. விடிவதற்குள் எழுந்து ஸ்நானம், மடிப்புடவை, அடுப்பு. நான் ஒன்பது மணிக்கு டிராமைப் பிடிக்க வேண்டும். பெண் மீனாக்ஷி பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்களோடு இருந்த என் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஆனால் ஆசாரம் மட்டும் ஒரு இம்மி குறையக்கூடாது. மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அனந்தலக்ஷ்மி உட்காருவாள். உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் வேறு மாதிரி. இப்போதைய பெண்களுக்கு இதையும் விளக்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று நாளும் வீட்டுப் பெண் தூரமாக உட்காருவாள். யாரையும் தொடமாட்டாள். சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் பக்கத்தில் போகமாட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நான்காம் நாள் தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவாள். எங்கள் வீட்டில் அதற்கென்று பின் வராந்தாவை ஒட்டி ஓர் அரை அறை இருந்தது. மூன்று நாளும் நான்தான் சமையல். அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உப்பு, புளி, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக உத்தரவு போடுவாள். ஆபீசில் முதலாளி டிக்டேஷன், வீட்டில் அம்மா டிக்டேஷன். என் ரசத்தைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மற்ற பெண்கள் அந்த மூன்று நாளும் தூங்கி எழுந்திருப்பார்கள், பாவம், அதுதானே அவர்களுக்கு லீவு. இவள் எழுதினாள். அறுபத்தொன்பதில் ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல வீணாப்போன காகிதம் இருக்குமே, கொண்டுவாங்கோளேன்" என்று கேட்டாள். ஒரு பக்கம் சணல் விலை டைப் அடித்த காகிதங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தேன். மறு பக்கத்தில் நாவல்.

எழுதுவது தெரிந்தபோது அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்துக்குத்தான் சொன்னாள். "தூரத்துல தொட்ட காகிதம் உள்ள வரப்படாது. அங்கயே இருக்கட்டும்." அவ்வளவுதான், சட்டம் போட்டாகிவிட்டது. காகிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் அந்த அரை அறையின் அலமாரியிலேயே தங்கிவிட்டன. மற்ற நாட்களில் டின்னைத் தொட்டால் மறுபடி குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைக்கலாம். ஒரு தை மாதம் அப்படித் தொட்டுத் தொட்டுக் குளித்து, மார்ச்சளி பிடித்துப் படுத்தாள். அதோடு அந்த ஆசையை விட்டாள். ஆகவே நாவல் மாதத்துக்கு மூன்று நாள்தான் நகரும். "மிச்ச நாளெல்லாம் மனசுல ஊறட்டும். அந்த மூணு நாள்ல எறக்கி வெச்சுடுவேன்" என்பாள். ஊறுகிற நாட்களில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். அம்மா என்னைப் பார்ப்பாள். நான் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவேன்.

நான்காம் நாள் காலையில், நான் குளிப்பதற்கு முன்னால், வராந்தாவில் நின்றபடியே புதுப் பக்கங்களைப் படித்துவிடுவேன். கதை இதுதான். சிவகாமி என்று ஒருத்தி கணவனோடும் மாமியாரோடும் ஹவுராவிலிருந்து மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போகிறாள். வால்டேர் ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி ரயிலின் மறு முனையில் மாட்டுவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள். வண்டி ஊதுகிறது. கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். அங்கே நின்றபடியே அவள் வாழ்க்கை முழுதும் அவள் மனதில் ஓடுகிறது.

"அந்த ஆம்படையான் நானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் நன்னாப் பேசுவான்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

எழுபத்துமூன்றில் மூன்று நாள் ஐந்தாயிற்று. பிறகு வாரமாயிற்று. பிறகு உள்ளே வந்த சுருக்கில் மறுபடி வெளியே போனாள். அம்மா முணுமுணுத்தாள். வாரக்கணக்கில் கரண்டி பிடித்த நானும் முணுமுணுத்தேன். அவள் மட்டும் முணுமுணுக்கவே இல்லை. நாவல் மளமளவென்று வளர்ந்தது. சிவகாமியின் பால்யம் முடிந்து கல்யாணம் வந்துவிட்டது. "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றால், "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பேச்சை வெட்டினாள். ஆள் வெளுத்துக்கொண்டே வந்தாள். வெயிலில் போகாத நிறம் என்று நான் நினைத்தேன்.

கண்டுபிடித்தது கீழ் வீட்டு நீலிமா பௌதி. பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறோம். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய அனந்தலக்ஷ்மியை அவள் பார்த்துவிட்டாள். நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். "ஆப்னார் சோக் நேயி?" உமக்குக் கண் இல்லையா என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் அவளே கூட்டிக்கொண்டு போனாள், தனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம். கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் பாதிக்குப் பாதி போயிருக்கிறது. இரத்தம் ஏற்றி, பையையே எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நர்சிங் ஹோம் கட்டிலில் அவளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் அப்படித்தான் வெளியே வந்தது என்று இப்போது தெரிகிறது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தியிருப்பேளே."

"எதை நிறுத்தறது?"

"தூரத்து நாளையெல்லாம்தான்" என்றாள். "சிவகாமிக்குக் கல்யாணம் ஆகி இப்போதான் கல்கத்தா வந்திருக்கா. மாசத்துல பாதி நாள் எழுதக் கெடைச்சுது. இப்படி ஒரு சௌகரியம் எனக்கு எப்போ வரும், சொல்லுங்கோ."

"உன் உசிர் ஒசத்தியா, சிவகாமி ஒசத்தியா?"

அவள் யோசித்தாள். பதிலைச் சொல்லாமல் உட்கார்ந்து யோசித்தாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த ஆரஞ்சையெல்லாம் உரித்துத் தள்ளிவிட்டேன். ஒன்றுவிடாமல் அவளைத் தின்ன வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "இனிமே அந்தத் தொந்தரவு விட்டுது." எதிர் வீட்டு சேஷாத்ரியின் மனைவி ஒருபடி மேலே போய், "நீங்க குடுத்து வெச்சவா மாமி" என்றாள். எல்லாரையும்விட என் அம்மாவுக்குத்தான் சந்தோஷம். மருமகள் பிழைத்து வந்த சந்தோஷம் பாதி, இனி மாதம் முப்பது நாளும் என் ரசத்திலிருந்து விடுதலை என்ற சந்தோஷம் பாதி. அனந்தலக்ஷ்மி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உடம்பு தேறியதும் சமையலறைக்குத் திரும்பினாள். டின் அரை அறையில் அலமாரியில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. போக ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவளுக்கு இருந்த ஒரே அவகாசத்தையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊரே அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

"சாயங்காலத்துல எழுதேன்" என்றேன். எழுத உட்கார்ந்து பார்த்தாள். மீனாக்ஷிக்குக் கணக்கு வரவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி. மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் வந்தது, கூடவே விருந்தாளிகள் வந்தார்கள். டின்னைத் தொட்டுவிட்டதால் மறுபடி குளியல். டாக்டரம்மா பச்சைத் தண்ணீரே ஆகாது என்றிருந்தார். ஒரு வாரத்தில் இரண்டு வரி எழுதினாள். அதையும் அடித்துவிட்டாள். மாதங்கள் போயின. சிவகாமி வால்டேர் பிளாட்பாரத்தில் கூஜாவோடு நின்றுகொண்டேயிருந்தாள். ஆபீசில் லெட்டர் டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைப்புத்தான். ஏறினாளா, ஏறவில்லையா? இது முடியாமலே போய்விட்டால்? குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அவள் மனதில் ஒன்றும் ஊறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு யோசனையைச் சொன்னேன். "மாசத்துல மூணு நாள் தூரம்னு சொல்லிண்டு போய் உக்காந்துடு. ஆபரேஷனுக்கு அப்பறமும் சில பேருக்கு வரும்னு டாக்டர் சொன்னதா நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கதையில எழுதற பொய் போறாதா? அதை எழுதறதுக்கு வேற ஒரு பொய்யா?" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. தெருமுனைப் பந்தலில் துர்க்கைக்கு நவமி. தாக் மேளம் காதைக் கிழித்தது. எங்கள் வீட்டில் மணைப்பலகையில் பட்டுத் துணி விரித்து, மீனாக்ஷியின் பாடப் புத்தகங்கள், அம்மாவின் பாராயணப் புத்தகம், என் ஷார்ட்ஹாண்ட் நோட்டு எல்லாவற்றையும் அடுக்கியாயிற்று. சந்தனம், குங்குமம், பூ எல்லாம் தயார். அனந்தலக்ஷ்மி குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு பின்பக்கம் போனாள். டின்னோடு திரும்பி வந்தாள். காகிதங்களை எடுத்தாள், தட்டிச் சீராக்கினாள், எல்லாப் புத்தகங்களுக்கும் மேலே வைத்தாள்.

அம்மாவுக்கு நாற்காலி கொள்ளவில்லை. "என்னடி அனந்தம் இது! தீட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அம்பாள் தலையில வெக்கறயே! குடும்பம் வெளங்குமா?"

அனந்தலக்ஷ்மியின் குரல் உயரவே இல்லை. "அம்மா, தீட்டு எனக்குத்தான் இருந்துது. அதுவும் இப்போ போயாச்சு. நான் எழுதினதுக்கு என்னிக்கும் தீட்டு இருந்ததில்லை."

என் பெண்டாட்டி பேசிய அந்த வாக்கியத்தை நான் ஷார்ட்ஹாண்டில் குறித்து வைத்துக்கொள்ளாததுதான் குறை. எத்தனையோ பெரிய மனிதர்கள் வாயிலிருந்து எத்தனையோ எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றுகூட இதற்கு உறை போடக் காணாது.

"ஏண்டா வைத்தி, பாத்துண்டு நிக்கறயே!" என்றாள் அம்மா என்னிடம்.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மீனாக்ஷியும் பார்த்தாள். நான் வீரன் இல்லை. என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "கற்பூரம் ஏத்தலாமா? நாழியாறது." சொல்லிவிட்டு அந்தக் காகிதங்களின் மேல் ஒரு செம்பருத்தியை வைத்தேன். அம்மா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். சுண்டலைத் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து எல்லாரும் ஒரு வரியாவது படிக்கவோ எழுதவோ வேண்டும். மீனாக்ஷி வங்காளியில் ஒரு வரி எழுதிவிட்டுப் பந்தலுக்கு ஓடினாள். அனந்தலக்ஷ்மி காகிதக்கட்டை எடுத்துக்கொண்டு முன் அறையில், ஜன்னலோரம், என் மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதுவாள், எழுந்திருப்பாள் என்று நான் காத்திருந்தேன். ஒரு பக்கம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிலேர்ந்து மாசத்துல மூணு நாள் நான் எழுதப்போறேன். இங்கதான். தூரம்னு இல்லை, ஒடம்பு சரியில்லைன்னு இல்லை. எழுதறேன், அவ்வளவுதான். யாராவது கேட்டா அப்படியே சொல்லுங்கோ."

உள்ளே இருந்து அம்மா கேட்டாள். "அப்போ சமையல் யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.

"ஈச்வரா!" என்றாள் அம்மா. அந்த ஈச்வராவில் ஆசாரத்தைப் பற்றிய கவலை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளைக்குமேல் அம்மாவால் என் சமையலைத் தூரத்திலிருந்து சகிக்க முடியவில்லை. நாற்காலி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் மருமகளோடு பேசவில்லை. அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காகிதம் மேலே பட்டுவிடாமல் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போவாள். அவள் போகும்போது அனந்தலக்ஷ்மியும் காகிதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு மரியாதையாகவே நடந்துவந்தது.

ஒருநாள் சேஷாத்ரியின் மனைவி உறைமோர் வாங்க வந்தாள். நான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "என்ன மாமா, ஆபரேஷன் ஆனப்பறமும் மாமி ஒக்காந்துக்கறாளா?" என்று இரகசியக் குரலில் கேட்டாள்.

"இல்லை. எழுதறா" என்றேன்.

"ஒடம்பு கிடம்பு..."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லை. நாவல் எழுதறா." இதைச் சொல்லும்போது என் மார்பு விரிந்ததை நானே கவனித்தேன். ஏதோ சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டதுபோல அந்த அம்மாள் உறைமோரை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அப்புறமும் எல்லாம் நேராகப் போகவில்லை. கொஞ்சம் வேலை செய்தாலும் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டும். மீனாக்ஷிக்கு டைபாய்டு வந்து, ஒரு சம்மர் முழுக்கப் பேனாவைத் தொடவே இல்லை. ஆனால் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். எழுபத்தேழு முடிவதற்குள் நாவல் முடிந்தது. சிவகாமி அந்த வண்டியில் ஏறவில்லை. அது போனபிறகு, டிக்கெட் ஜன்னலுக்குப் போய், தன் பெயருக்குத் தானே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்து வந்த வண்டியில் ஏறுகிறாள். ஊருக்கா, கல்கத்தாவுக்கா என்று எழுதவில்லை.

"எங்கதான் போனா?" என்று கேட்டேன்.

"அவளைக் கேளுங்கோ" என்றாள்.

சென்னையில் மாதம் ஒரு நாவல் போடும் பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் தமிழ்ப் பத்திரிகையும் விற்கும் கடையில் வந்திருந்த பிரதிகள் அத்தனையையும் நானே வாங்கிவிட்டேன். கடைக்காரர் முத்தையா, "மத்தவங்க படிக்க வேணாமா சார்?" என்று கடிந்துகொண்டு இரண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மிச்சத்தை ஆபீசில் கொடுத்தேன். அங்கே ஒருத்தருக்கும் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் என்ன? அட்டையில் இருந்த பெயரை நான் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். ஹெட் கிளார்க் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். வங்காளிக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள்மேல் இருக்கும் மரியாதையே தனி. நீலிமா பௌதி ஒருபடி மேலே போய், எங்கள் தெருவில் மீன் விற்க வருகிறவரை நிறுத்தி, மாடியைக் காட்டி, "லேகிகா இருக்கிறாள், கத்தாதே" என்று சொல்ல ஆரம்பித்தாள். லேகிகா என்றால் எழுத்தாளி. நாங்கள் மீன் வாங்குகிற ஜாதி இல்லை என்பது அவருக்கும் தெரியும், பாவம்.

நாவல் வந்துவிட்டது, இனி கரண்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒருநாள் காலை, காப்பியை நானே கலந்துகொள்ள வேண்டியிருந்தது. முன் அறைக்குப் போனால் அனந்தலக்ஷ்மி மேஜைக்கு முன் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே புதுக் காகிதக்கட்டு. சணல் விலை இல்லை, இரண்டு பக்கமும் வெள்ளை. அவளே வாங்கிவந்திருக்கிறாள்.

"நாவல்தான் முடிஞ்சுபோச்சே?" என்றேன்.

"அது முடிஞ்சுது" என்றாள். பேனா மூடியைத் திருகிக் கழற்றினாள்.

யாரைப் பற்றி, என்ன கதை, இதிலாவது ஆம்படையான் நல்லவனா என்று கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறை வாசல் நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"டேய் வைத்தி, எழுதறவளை அங்க நின்னு தொணதொணக்காதே. வந்து அரிசியைக் களை."